சப்பை மூக்கு நாயை வெயில் நாட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குத் துபாய்க்கு மாற்றல், ஆகஸ்டில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள், வீட்டில் நான்கு வயது பக் நாய் ஒன்று இருக்கிறது. (நம்மூரில் 'ஹட்ச் நாய்' என்றால் எல்லோருக்கும் தெரியும், அதே இனம்தான்.) "துபாயில் வீடு, கார், கடை எல்லாமே ஏசிதானே, அப்புறம் ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்? எல்லா நாயும் நாக்கைத் தொங்கவிட்டுத்தானே சூட்டைத் தணித்துக்கொள்கிறது, இவனுக்கும் நாக்கு இருக்கிறதே?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்கான பதில் தானாக வந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், நாயின் சூட்டைத் தணிப்பதில் நாக்குக்குத் துணைப் பாத்திரம்தான். பெரிய வேலையை மூக்கு செய்கிறது.

பள்ளியில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்: தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 2,400 ஜூல். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது, நாய்க்கு அப்படி வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும்தான், அது எதற்கும் போதாது. அதனால் மூச்சுப் பாதையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது பிழைக்க வேண்டும். இதுவரை சரி.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாய் மூச்சிரைக்கும்போது காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது? வாய் திறந்திருக்கிறது, நாக்கு தொங்குகிறது, எனவே வாய் வழியாகப் போய் வாய் வழியாக வருகிறது என்றுதான் பார்ப்பவர் யாரும் சொல்வார்கள். ஒட்டகம் பாலைவனத்தில் எப்படிச் சமாளிக்கிறது என்று ஆராய்ந்து புகழ்பெற்ற நுட் ஷ்மிட்-நீல்சன், தன் சகாக்கள் பிரெட்ஸ், டெய்லர் ஆகியோருடன் இதை அளந்தே பார்த்துவிட்டார், 1970-இல் அதை வெளியிட்டார்கள். மூச்சிரைக்கும் நாய் காற்றை ஏறக்குறைய முழுவதும் மூக்கு வழியாகத்தான் இழுக்கிறது. வெளியே விடும்போது சராசரியாகக் கால் பங்குதான் மூக்கு வழியாகத் திரும்புகிறது, மீதி முக்கால் பங்கு வாய் வழியாகப் போய்விடுகிறது.

இது ஏன் இவ்வளவு அழகான ஏற்பாடு என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மூக்கு வழியாகவே இழுத்து மூக்கு வழியாகவே விட்டால் என்ன ஆகும்? உள்ளே போகும் காற்று மூக்கின் சுவரிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு அந்தச் சுவரைக் குளிர்விக்கும், திரும்பி வரும்போது அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு ஈரத்தில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிடும். தண்ணீர் மிச்சமாகும், ஆனால் வெப்பமும் உடம்பிலேயே தங்கிவிடும். குளிர்காலத்துக்கு அது நல்லது. வெயிலில் நாய்க்குத் தேவை அதற்கு நேர் எதிர், எனவே ஈரம் ஏறிய காற்றை வாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது, மூக்கின் சுவர்மீது காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கால் பங்கு என்பதும் சராசரிதான், தேவையைப் பொறுத்துப் பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை மாறுகிறது. எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுவது, எவ்வளவைப் பிடித்துவைப்பது என்பதை நாய் எந்த வழியாக மூச்சை விடுகிறது என்பதைக்கொண்டே சரிசெய்துகொள்கிறது!

இத்தனை வேகமாகக் காற்று ஓடினால் மூக்கு காய்ந்துபோகாதா? அதற்கும் வழி இருக்கிறது. மூக்கின் பக்கவாட்டில் இரண்டு சுரப்பிகள் உண்டு. 1972-இல் பிளாட், டெய்லர், ஹபல் ஆகியோர் அவற்றை அளந்தார்கள். சுற்றுப்புறம் 10 டிகிரியில் இருக்கும்போது அவை எதுவும் சுரப்பதில்லை, 50 டிகிரிக்கு ஏற்றியபோது ஒவ்வொரு சுரப்பியும் மணிக்குச் சராசரியாக 9.6 கிராம் நீரைச் சுரந்தது. நமக்கு வியர்வைச் சுரப்பி செய்யும் வேலையை நாய் மூக்குக்குள் ஒளித்துவைத்திருக்கிறது. அந்த நீர் பரவி ஆவியாக, மூக்கின் உள்ளே மெல்லிய எலும்புகள் சுருள் சுருளாக, பல அடுக்குகளாக மடிந்து கிடக்கின்றன. மேலே ஈரமான சவ்வு, அடியில் அடர்ந்த ரத்தக் குழாய்கள். நம் சிப்பிப்பாறை நாயின் நீண்ட முகத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்த நீளம் முழுக்க இந்தச் சுருள்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாய் மெதுவாக மூச்சுவிடுவதிலிருந்து படிப்படியாக வேகம் கூட்டி மூச்சிரைப்புக்கு வருவதில்லை, திடீரென்று நிமிடத்துக்கு 300-க்குத் தாவிவிடுகிறது. ஏன் அந்த எண்? நுரையீரலுக்கும் மார்புக்கூட்டுக்கும் ஒரு மீள்தன்மை உண்டு, எனவே அவற்றுக்கென ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. நாயில் அது நொடிக்கு ஐந்து சொச்சம். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் விரல் பட்டாலே போதும், அதேபோல இந்த வேகத்தில் மூச்சிரைத்தால் தசைகள் மிகக் குறைவாக உழைத்தால் போதும். தசை உழைத்தால் வெப்பம் பிறக்கும், வெப்பத்தைப் போக்கவே இந்தப் பாடு, எனவே குறைந்த உழைப்பில் காற்றை நகர்த்துவதில்தான் எல்லாமே இருக்கிறது. 1962-இல் கிராஃபோர்டு என்பவர் இதைக் காட்டினார்.

இந்த ஆய்வுகளை யாரும் பக் நாய்க்காகச் செய்யவில்லை. நாய் எப்படி மூச்சிரைக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம், அவ்வளவுதான். "இதனால் நாட்டுக்கு என்ன லாபம்" என்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் அன்றைக்கு நேரடியான பதில் இருந்திருக்காது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு வீட்டு நாயின் உயிர் ஏன் ஊசலாடுகிறது என்று நமக்குப் புரிவதே இந்த வேலையால்தான். ஆர்வத்துக்காக நடக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதை வீண்செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

சரி, இப்போது பக்குக்கு வருவோம். மனிதர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் மண்டையோடு குட்டையானது. எஸ்எம்ஓசி2 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் இதற்கு முக்கியக் காரணம் என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள். எலும்பு குட்டையானதே தவிர உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. மென் அண்ணம், அதாவது வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மெத்தென்ற சதை, நீண்டு தொண்டைக்குள் இறங்கி நிற்கிறது. நாசித் துவாரம் வெறும் கீறலாகச் சுருங்கியிருக்கிறது. அந்த எலும்புச் சுருள்கள் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு, சில நாய்களில் பின்பக்கமாகத் தொண்டை வழிக்குள்ளேயே வளர்ந்து அதை அடைக்கின்றன. குளிர்விக்க வேண்டிய உறுப்பே காற்றுக்குத் தடையாகிவிடுகிறது.

குழாயின் ஆரம் பாதியானால், சீரான ஓட்டத்தில், தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல். எனவே இந்த நாய் ஒவ்வொரு மூச்சையும் பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கிறது, அந்த உழைப்பே வெப்பத்தை உண்டாக்குகிறது, முன்பு சொன்ன இயல்பான அதிர்வின் அனுகூலமெல்லாம் அந்தத் தடையில் கரைந்துவிடுகிறது. இழுக்கும் வேகத்தில் மென் அண்ணம் அதிர்ந்து அதிர்ந்து வீங்குகிறது, வீங்கினால் வழி இன்னும் குறுகும், குறுகினால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும், வெப்பம் இன்னும் ஏறும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பக் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிந்து விழுவது இந்தச் சுழலில் சிக்கித்தான். தூங்கும்போது அது குறட்டை விடுவதைச் செல்லமாக வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அந்தச் சத்தம் காற்று போக வழியில்லாமல் சதை அதிரும் சத்தம், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

2016-ஆம் ஆண்டு பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களிடம் பதிவான 9 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். வெப்ப நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, லாப்ரடாரோடு ஒப்பிட்டால், புல்டாக்குக்கு ஏறத்தாழ 14 மடங்கு, ஃபிரெஞ்சு புல்டாக்குக்கு 6 மடங்கு. அதுவும் இதமான வெயிலுக்குப் பேர்போன இங்கிலாந்தில்! காரணம் தெரிந்த சம்பவங்களில் முக்கால்வாசி ஓட்டம், நடை, விளையாட்டுக்குப் பிறகு நடந்தவை. அதே வேளையில், ஓடாமல் வெயிலில் வெறுமனே இருந்ததாலேயே பாதிக்கப்படும் அபாயம் வயதான நாய்களுக்கும் சப்பை முக நாய்களுக்கும் அதிகம். இப்படி ஒரு தரவுத்தொகுப்பு நம் சென்னைக்கும் மதுரைக்கும் வேண்டும் என்று எனக்கு ஆசை. கோடையில் கால்நடை மருத்துவமனைகளுக்கு வரும் நாய்களின் விவரங்களை ஒழுங்காகப் பதிந்து தொகுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு சிறு நிதியும் சில ஆண்டுப் பொறுமையும் போதும்.

இப்போது துபாய். வெயிலுக்குப் பயப்படுகிறீர்கள், நியாயம்தான், ஆகஸ்டில் பகல் 41, 42 டிகிரி சாதாரணம். ஆனால் நான் அதைவிட அதிகமாகப் பயப்படுவது ராத்திரிக்கு. "வெயில் இறங்கியதும் கூட்டிப்போகிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். வளைகுடாக் கடல் அப்போது 33 டிகிரி அளவில் கொதித்துக்கிடக்கும், பொழுது சாய்ந்ததும் காற்றில் ஈரம் ஏறிக்கொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாய் வெளிவிடும் காற்று உடல் வெப்பத்தில் ஈரம் நிறைந்தது, கனமீட்டருக்கு ஏறக்குறைய 46 கிராம் நீராவி. லண்டனில் 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் உள்ளே போகும் காற்றில் இருப்பது 10 கிராம், எனவே ஒவ்வொரு கனமீட்டரும் 36 கிராமைச் சுமந்து வெளியேறும். துபாயில் மிகவும் புழுங்கும் ராத்திரியில் உள்ளே போகும் காற்றிலேயே 30 கிராம் இருக்கும், மிச்சம் 16 கிராம்தான். அதே மூச்சு, அதே உழைப்பு, கிடைக்கும் குளிர்ச்சி பாதிக்கும் கீழே. வெயில் இல்லை, தரை ஓரளவு ஆறியிருக்கிறது, ஆனால் மூக்கு வேலை செய்யாது. அதற்காக மதியம் கூட்டிப்போகலாம் என்று அர்த்தமில்லை, அப்போது காற்றும் தரையும் சூரியனும் சேர்ந்து சூட்டை ஏற்றும். கிளம்புமுன் வெப்பநிலையோடு பனிநிலையையும் (dew point, காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; அது ஏற ஏறக் காற்றில் ஈரம் அதிகம்) பாருங்கள், வானிலைச் செயலிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும். அது 25-ஐத் தாண்டியிருந்தால் பக்கை வாசலுக்குக் கீழே இறக்கி, ஒன்றுக்குப் போனதும் மேலே ஏற்றிவிடுவதே போதும். நடை, விளையாட்டு எல்லாம் ஏசி ஹாலில்.

வீட்டுக்குள் ஏசியில் அவனுக்கு மூச்சிரைக்கவே தேவையிருக்காது, அதில் நீங்கள் சொல்வது சரிதான். ஆபத்து இடைப்பட்ட நேரங்களில் இருக்கிறது: லிஃப்டிலிருந்து கார் வரை, ஏசி பழுதான மதியம், எல்லாவற்றுக்கும் மேலாக விமானப் பயணம். துபாய்க்கு நாய்கள் பெரும்பாலும் சரக்குப் பகுதியில்தான் போகின்றன. அங்கே காற்றழுத்தமும் வெப்பநிலையும் கட்டுப்பாட்டில் இருக்கும், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தார்த்தளத்தில் காத்திருக்கும் நேரத்தில்தான் சிக்கல். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-இல் வெளியிட்ட கணக்கில், ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்த 122 நாய்களில் ஏறத்தாழ பாதி சப்பை முக இனங்கள், 25 புல்டாக், 11 பக். பல விமான நிறுவனங்கள் இவற்றை ஏற்றவே மறுப்பது அதனால்தான்.

ஆகவே நீங்கள் ஆகஸ்டில் போங்கள், நாய் நவம்பர் கடைசியில் வரட்டும். நடுவில் இருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் அமைப்பான கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-இல் ஒரு சோதனையைக் கொண்டுவந்தன. மருத்துவர் முதலில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொண்டையில் வைத்துக் கேட்பார், மூன்று நிமிடம் துள்ளுநடை நடக்கவைப்பார், திரும்பக் கேட்பார், பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடுவார், இதில் மூன்றுதான் மோசம். இரண்டோ மூன்றோ வந்தால் நாசித் துவாரத்தையும் அண்ணத்தையும் அறுவை செய்து திறந்துவிடுவது பற்றி அங்கேயே பேசிவிடுங்கள், ஆறுவதற்கும் நேரம் கிடைக்கும். எடையைக் குறையுங்கள். கொழுப்பு தொண்டையையும் நெருக்கும், வெப்பத்தையும் பிடித்துவைக்கும். பயணக் கூண்டு வழக்கத்தைவிட ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும், இப்போதே வீட்டில் திறந்துவைத்து அதில் தூங்கப் பழக்குங்கள். தூக்க மருந்து மட்டும் கூடவே கூடாது, அது தொண்டைத் தசையைத் தளர்த்தி இருக்கும் வழியையும் அடைத்துவிடும்.

சூடு, குளிர்ச்சி என்று உணவுகளைப் பிரிக்கும் நம் பழக்கத்தையும் நாயிடம் கொண்டுபோகாதீர்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்று வெங்காயம் கலந்த தயிர்சாதத்தை ஊட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் நஞ்சு, தயிரோ மோரோ உடல் வெப்பத்தை இறக்குவதும் இல்லை. இந்த நம்பிக்கையால் போகும் அரை மணி நேரம் உயிரைக் குடித்துவிடும், அதனால்தான் இதில் எனக்குக் கோபம்.

மூச்சுச் சத்தம் கரகரப்பாக மாறுவது, எச்சில் கெட்டியாகிக் கயிறுபோல வழிவது, நாக்கு நீலம் பாய்வது, தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குளிர்ந்த நீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றிக்கொண்டே விசிறி அல்லது ஏசிக் காற்றைக் காட்டுங்கள், நீரில் நிற்கவைத்தாலும் தலை மேலே இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்று பலர் தடுப்பார்கள், கேட்காதீர்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடவும் வேண்டாம், சிறிது நேரத்தில் அது சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். நாய்க்கு இயல்பான வெப்பம் 38.3-லிருந்து 39.2 வரை, ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் 39.5-க்கு இறங்கியதும் நீரை நிறுத்திவிட்டு வண்டியை எடுக்கலாம். காரில் ஏசியை முழு வேகத்தில் வையுங்கள், தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சு வழியைத் திறந்துவைக்க இன்னொருவர் பின் சீட்டில் உட்கார வேண்டும்.