நாட்குறிப்பா, குற்றப்பத்திரிகையா?

ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் தன் நாட்குறிப்பை மேசைமேல் வைத்து, "நீங்களே படிச்சுப் பாருங்க" என்றார். இரண்டு வருடமாக ஒருநாள் விடாமல் எழுதியது. "எழுதினா மனசு லேசாகும்னு சொன்னாங்க. எனக்கு எழுதி முடிச்சதும் பாரம் கூடத்தான் செய்யுது." (விவரங்களை மாற்றியிருக்கிறேன். உண்மையில் இவர் ஒருவர் அல்ல, நான் பார்த்த பலரின் கலவை.)

திறந்த பக்கத்தில் இப்படி இருந்தது: "பையனோட ஸ்கூல் மீட்டிங்கை மறந்துட்டேன். மத்த அம்மாங்க எல்லாரும் வந்திருந்தாங்களாம். நானெல்லாம் ஒரு அம்மா."

கடைசி வரியைக் கவனியுங்கள். 'உனக்கெல்லாம் எதுக்கு', 'இவனெல்லாம் பேச வந்துட்டான்' என்று சொல்லும்போது வரும் அதே 'எல்லாம்'. ஓர் ஆளைத் தரம் இறக்க இதைவிடச் சின்னச் சொல் தமிழில் கிடைப்பது கஷ்டம். வேறு யாராவது நம்மிடம் இப்படிச் சொன்னால் சண்டைக்குப் போய்விடுவோம். நமக்கு நாமே எழுதிக்கொள்ளும்போது மட்டும் அதை உண்மை என்று நம்பிவிடுகிறோம். பக்கங்களைப் புரட்டினால் 'எப்பவுமே இப்படித்தான்', 'ஒரு தடவைகூட உருப்படியா செஞ்சதில்ல' என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருட வழக்கில் ஒருநாள்கூட எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை.

எழுதுவதால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். வாழ்க்கையில் பட்ட அடிகளையும் அதன் உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள், அன்றைக்கு மனம் கலங்கினாலும், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவருவதில்லை. மணவாழ்க்கையில் பிரிவைச் சந்தித்தவர்களிடம் பிற்பாடு நடந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே அதையே நினைத்துச் சுழன்றுகொண்டிருந்தவர்களுக்கு உணர்ச்சிகளைக் கொட்டி எழுதியது கெடுதலாகவே முடிந்தது. அன்றாடம் செய்ததைச் சாதாரணமாக எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். என் அனுபவமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. எவ்வளவு எழுதுகிறோம் என்பதைவிட, எந்தக் குரலில் எழுதுகிறோம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இங்கேதான் தன்பரிவு, அதாவது தன்மீதே பரிவு காட்டுவது, வருகிறது. இதைத் 'தன்னிரக்கம்' என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சொல் 'ஐயோ பாவம் நான்' என்ற பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் இதற்கு மூன்று கூறுகள் சொன்னார்: தன்னைத் திட்டாமல் கனிவோடு நடத்துவது, தவறுவது மனிதர் எல்லோருக்கும் பொது என்று உணர்வது, வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் இருக்கிறபடி பார்ப்பது. 'பாவம் நான்' என்பதில் நான் மட்டும் தனியாக நிற்கிறேன். தன்பரிவில் கூட நாலு பேர் இருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

சரி, எப்படி எழுதுவது? அந்தப் பெண்ணிடம் முதலில் அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதச் சொன்னேன், சாட்சி சொல்வதுபோல. "செவ்வாய்க்கிழமை 3 மணிக்கு மீட்டிங். 2 மணியிலிருந்து ஆபீஸில் ஒரு அவசர வேலை. 5 மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. வயிறு கலங்கியது." இவ்வளவுதான். 'எல்லாம்', 'எப்பவுமே', 'ஒரு தடவைகூட' மூன்றுக்கும் தடை. அந்தச் சொற்கள் போனதும் தீர்ப்பும் கூடவே போய்விட்டது, நடந்தது மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்து அவரே, "அலாரம் வெச்சிருக்கலாம்" என்றார். இரண்டு வருடத் திட்டில் ஒருமுறைகூட வராத யோசனை அது.

அப்புறம் ஒரு கடிதம். இதே தவறைச் செய்துவிட்டு உங்கள் தோழி அழுதால் என்ன சொல்வீர்களோ, அதை உங்கள் பெயர் போட்டு உங்களுக்கே எழுதுங்கள். பெயர் முக்கியம். தன்னைப் பெயர் சொல்லி அழைத்து யோசிக்கும்போது பதற்றம் சற்று விலகி நிற்கிறது என்பதை உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏழே நாள், நாளுக்கு ஒரு பரிவுக் கடிதம் எழுதியவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது மூன்று மாதம் கழித்தும் தெரிந்ததாக கனடா ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சொல்கிறது. முதல் கடிதம் போலியாகத்தான் ஒலிக்கும். 'கண்ணே மணியே' என்று கொஞ்ச வேண்டாம். தோழியிடம் பேசும் சாதாரணப் பேச்சு போதும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி: "என்னை நானே தட்டிக்கொடுத்தா சோம்பேறி ஆயிட மாட்டேனா?" மாட்டீர்கள். ஒரு தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் பரிவாக இருக்கும்படி தூண்டப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். இது பிரைன்ஸ், சென் என்ற இரு உளவியலாளர்கள் 2012-இல் வெளியிட்டது. திட்டு வாங்கியவன் மறைக்கத்தான் பார்ப்பான், திருத்திக்கொள்ள நிதானம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கனிவாக எழுதத் தொடங்கியதும் சிலருக்கு அழுகை பீறிட்டு வரும். வெகுநாள் பூட்டிய அறையைத் திறப்பதுபோல. கொஞ்சம் அழுவதில் தவறில்லை. ஆனால் மூச்சு முட்டுகிற மாதிரி, பழைய சம்பவம் கண்முன் மறுபடி நடக்கிற மாதிரி இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். எழுதாமல் விடுவதும் பரிவுதான். உயிரை விடும் எண்ணம் வந்தால் நோட்டுப் புத்தகத்தை நம்பியிருக்காதீர்கள், உடனே ஒரு மனிதரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் போங்கள்.

விலை உயர்ந்த, அழகான நோட்டு வேண்டாம். அதில் தப்பாக எழுதக்கூடாது என்ற பயமே வந்துவிடும். நாலு நாள் விட்டுப்போனால் போகட்டும், அதற்கு விளக்கக் கடிதம் எழுதி உட்கார வேண்டாம்.

கிளம்பும்போது அந்தப் பெண், "பழைய நோட்டை என்ன செய்யறது?" என்று கேட்டார். கிழித்துப் போடலாம், வைத்துக்கொள்ளவும் செய்யலாம் என்றேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது அதையே கொண்டுவந்திருந்தார். சில பக்கங்களில் 'எல்லாம்' மட்டும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது.