ஆலமரத்தில் தொங்கும் சாக்கு

போன மாதம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குச் மாடுகளுக்குச் சினைப் பரிசோதனை செய்யப் போயிருந்தேன். நல்ல வெயில். திண்ணையில் ஓர் அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இரண்டு மாதமாகக் காய்ச்சல் ஐயா. பொழுது சாய்ந்தால் வருகிறது. விடிவதற்குள் சேலை நனைய வேர்த்துவிட்டுப் போகிறது. இடுப்பை நிமிர்த்த முடியவில்லை" என்றார். டைபாய்டு என்று ஒருமுறை, மூட்டுவாதம் என்று ஒருமுறை மருந்து சாப்பிட்டாயிற்று.

அவர் வீட்டுக் கலப்பினப் பசு, மூன்று மாதம் முன்பு ஏழாம் மாதச் சினையில் கன்று வீசியிருக்கிறது, அதாவது குறைமாதத்திலேயே கன்றைப் போட்டுவிட்டது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழவில்லை. வெறுங்கையை உள்ளே விட்டு இழுத்தெடுத்தவர் அவர்தான். டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "மாட்டுக்கு வந்ததை அவரிடம் எதற்குச் சொல்வது?" என்றார். இரத்தப் பரிசோதனையில், மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லோசிஸ் என்று வந்தது. இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள்.

கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்வதும் இதைத்தான். 1887-இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இந்தக் கிருமி வகையைக் கண்டறிந்தார். 1897-இல் டென்மார்க்கில் பேங் என்பவர் கன்று வீசும் மாடுகளிலும் கண்டறிந்தார். நூறாண்டு தாண்டிவிட்டது. நம் ஊரில் இன்னும் கண்ணேறு என்கிறார்கள், சூடு என்கிறார்கள், மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆல் பால்மரம், அதில் கட்டினால் மடி நிறையப் பால் ஊறும் என்பது நம்பிக்கை. அந்த அம்மாவின் ஊர்க் கண்மாய்க்கரையிலும் ஒரு சாக்கைப் பார்த்தேன். அடியில் சிவந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காகம் கொத்திய ஓட்டை வழியே ஒரு துண்டு வெளியே தொங்க, கீழே இரண்டு நாய்கள் காத்திருந்தன. நாலடி தள்ளி, அந்த ஈரம் பட்ட புல்லை ஒரு சினைமாடு மேய்ந்துகொண்டிருந்தது. மதியம் ஆடு மேய்ப்பவர்கள் சோற்றுப் பொட்டலம் பிரிக்கும் நிழலும் அதுதான். கன்று வீசிய மாட்டின் கொடியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும்.

"என் மாடு நல்லபடியாகத்தானே ஈன்றது?" என்பார்கள். ஒருமுறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் ஈனும். ஆனால் நோய் போயிருக்காது. கொடியிலும் பாலிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். ஆகவே எந்தக் கொடியையும் மரத்தில் கட்டாதீர்கள். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடுங்கள். வீசிய கன்றுக்கும் அதே குழி.

கொடி விழவில்லையா? கையை விடாதீர்கள். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நாங்கள் தோள்வரை கையுறை போட்டுக்கொள்வது அருவருப்பினால் என்று நினைக்கிறீர்கள். எங்கள் தொழிலிலேயே இந்த நோயை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு.

கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் எலும்புக்கு நல்லது என்று பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் பெரியவர்களே, மடியின் சூட்டில் கிருமி சாகாது. பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். வீசிய மாட்டைச் சோதிக்காமல் சந்தைக்கு ஓட்டாதீர்கள். வாங்குகிறவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கும். மாட்டுக்கு இதற்குச் சரியான சிகிச்சை கிடையாது. தடுப்பூசி உண்டு: நாலு முதல் எட்டு மாதக் கிடேரிக் (பெண்) கன்றுக்கு, வாழ்நாளில் ஒரே முறை, அரசு இலவசமாகப் போடுகிறது. ஊசி போட்டால் ஒருநாள் காய்ச்சல் வருமே என்று முகாமன்று கன்றை ஒளித்து வைக்கிறீர்கள்!

மனிதருக்கு மருந்து இருக்கிறது. ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த அம்மா இப்போது மூன்றாவது வாரத்தில் இருக்கிறார். இரவில் வேர்ப்பது நின்றிருக்கிறது. உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: விடாத காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், உட்கார்ந்ததும் "எங்கள் வீட்டு மாடு கன்று வீசியது, நான்தான் கொடியை எடுத்தேன்" என்று சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.