அல்லிக் குளத்தில் தாமரைக்கு என்ன வேலை?

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படத்துக்குக் கீழே ‘தாமரைக் குளம்’ என்று மறுபடியும் படித்தேன். எழுதியவர் படத்தைப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

கிளாட் மோனே 1893இல் பிரான்சின் ஜிவெர்னியில் வீட்டை ஒட்டிய நிலத்தை வாங்கி, எப்து ஆற்றின் கிளையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து குளம் அமைத்தார். அதிலிருந்த பூக்களைச் சுமார் 250 ஓவியங்களில் தீட்டினார். அவற்றுக்கு அவர் சொன்ன பெயர் ‘நேம்ஃபெயா’, அதாவது அல்லி. நீரணங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் இதற்கு ‘நெனுஃபார்’ என்றும் ஒரு சொல் உண்டு. அது பாரசீகம், அரபி வழியாக அங்கே போய்ச் சேர்ந்த நம் நீலோற்பலம்தான், அதாவது நீல அல்லி! சரி, அது இருக்கட்டும்.

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள 1899ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். பாலத்துக்குக் கீழே இலைகள் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடக்கின்றன. அது அல்லி. தாமரை வளர்ந்தால் இலையையும் பூவையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அல்லி இலையில் காம்புவரை ஒரு வெட்டு இருக்கும், தாமரை இலையில் இருக்காது. சங்க நூலான குறிஞ்சிப்பாட்டு ஆம்பலையும் (அல்லியின் பழைய பெயர்) குவளையையும் தாமரையையும் தனித்தனியாக எண்ணுகிறது. அவ்வளவு பிரித்துப் பார்த்த மொழியில் இந்தக் குழப்பம் எதற்கு?

‘அல்லி நிலவில் பூப்பது, மோனேயின் பூ பகலில் விரிகிறதே’ என்பார்கள். நீலோற்பலமும் பகலில்தான் விரிகிறது. அதனால் அது தாமரையாகிவிடுமா?

தாமரையைவிட எனக்கு எரிச்சல் தருவது, ‘வாட்டர் லில்லி’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்த ‘நீர் லில்லி’. ஆங்கிலத்தில் லில்லி தரையில் வளரும் செடி. ஆகவே முன்னால் ‘நீர்’ போட வேண்டியிருந்தது. தமிழில் அல்லி எங்கே தரையில் முளைத்தது? இதைத் திருத்துகிறேன் என்று ‘நீரல்லி’ படைத்தவர்களும் உண்டு. தண்ணீர் மீன் என்று யாராவது சொல்வார்களா? அப்புறம், லில்லியும் அல்லியும் ஓசையில் மட்டும்தான் உறவு. பழைய பைபிள் மொழிபெயர்ப்பாளர்கள்கூட ‘லீலிபுஷ்பம்’ என்று எழுதினார்களே தவிர, அல்லியை இழுக்கவில்லை. இன்று மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு ‘ஆம்பல்’ என்று எழுத ஆசைதான். ஆனால் அதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் பொருள் தேட வேண்டியிருக்கும். ‘அல்லிக் குளம்’ என்றால் போதும்.