பட்டா வந்த வீட்டில் ஏன் ரத்தச்சோகை?

போன வாரம் வந்த ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 6.4. ஏழுக்குக் கீழே என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். கூட வந்த மாமியார் கேட்டதை இந்தக் கீழத்தஞ்சைப் பக்கத்தில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "சொந்தமா ஒரு ஏக்கர் இருக்கு டாக்டரம்மா. மூணு வேளையும் வீட்டு நெல்லுச் சோறு. ரத்தம் எப்படிக் குறையும்?"

அந்த ஒரு ஏக்கர் லேசில் வந்ததல்ல. 1961 நில உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் அதிகபட்சம் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வைத்துக்கொள்ளலாம் என்றது. 1970இல் அது 15 ஆனது. இடையில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பிறகு 1981இல் காந்தியவாதித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் உழுபவருக்கு நிலம் கிடைக்கப் பாடுபடும் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே வாங்கிக் கொடுத்தார்கள். நிலப் பகிர்வால் என்ன பயன் என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அரைவயிற்றுக்கும் பண்ணை வாசலில் நின்ற நிலை மாறியது அதனால்தான்.

ஆனால் வயிறு நிறைவது வேறு, உடம்பில் சத்து சேர்வது வேறு. இதை எத்தனை முறை சொல்வது? 100 கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூடத் தேறாது. சொந்த வயல் அரிசியானாலும் அரிசி அரிசிதான். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாலும், மூன்றாம் முறை சாப்பிட்டாலும் கணக்கு மாறாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அவர்கள் எல்லோரும் சோறில்லாமல் கிடந்தவர்களா?

சத்து அதே வயலில்தான் விளைகிறது. சம்பா அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். அறுத்ததும் மூட்டை நேரே வியாபாரி வண்டிக்குப் போகிறது, உரக்கடைக் கடனுக்கு. வீட்டில் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டால், "விதைக்கு மட்டும்." அரிசியைப்போல மூன்று மடங்கு புரதம் உள்ள பயறு வாசலோடு போய்விட்டது. முன்பு கூலி வீடுகளில் வயல் நண்டும் நத்தையும் வாய்க்கால் கெண்டையும் குழம்பாயின. இப்போது மருந்தடித்து அவை அருகிவிட்டன; கிடைத்தாலும், நிலக்காரராகிவிட்டோம், இதையா தின்பது என்று கூச்சப்படும் வீடுகளும் உண்டு. நத்தைக் குழம்பில் என்ன கேவலம்?

ஆகவே, கேளுங்கள். அறுத்த பயறில் வீட்டுக்கு வருஷம் தாங்குகிற அளவை முதலில் அளந்து வையுங்கள், மிச்சத்தை விற்றுக் கடனைக் கட்டுங்கள். கொல்லையில் ஒரு முருங்கை நிற்கட்டும், வரப்பில் அகத்தி நிற்கட்டும். கர்ப்பிணிகள் நாலாம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது. டீயோடு சேர்த்து விழுங்கினால் போட்டும் பலன் குறைவு. குடல்புழு மாத்திரையை நர்ஸம்மா தரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்; வெறுங்காலோடு வெளிக்குப் போவதை நிறுத்துங்கள். மாமியார்களே, மருமகள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது இனி வேண்டாம். உங்களுக்கும் அப்படித்தான் நடந்தது, தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இன்னொன்று, தயவுசெய்து கல்யாணச் செலவுக்கென்று அந்த ஏக்கரைப் போக்கியத்துக்கு விடாதீர்கள். போக்கியம் போன நிலத்தில் என்ன விதைப்பது என்று நீங்கள் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு மருமகளோடு வீட்டுக்காரரும் வரட்டும். பயறு மூட்டையை வண்டியில் ஏற்றுகிறவர் அவர்தானே, அவரிடமும் பேச வேண்டும்.