மூன்று ஸ்ட்ரைக், இரண்டு கணக்கு

கொழும்பில் பௌலிங் என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் முதலில் வருவது முரளிதரனின் மணிக்கட்டுத்தான். பத்துப் பின்களை, அதாவது நிறுத்திவைத்த குப்பி வடிவக் கட்டைகளை, நோக்கி உருளும் கனத்த பந்து அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு வயது 14. அவளுக்கோ இந்த இரண்டாவது பௌலிங் மட்டும்தான் பௌலிங். சனிக்கிழமை பின்னேரம் ஆனால் காலி வீதியில் பஸ் ஏறிவிடுவாள்.

அண்மையில் ஒரு சிறிய போட்டி முடிந்து வாடிய முகத்துடன் வீட்டுக்கு வந்தாள். "மாமா, நான் தொடர்ந்து மூன்று ஸ்ட்ரைக் போட்டேன். என் சிநேகிதி அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று போட்டாள். இருவருக்கும் எப்படி 146 வரும்?" என்று கேட்டாள். அந்தப் போட்டியில் புள்ளி எண்ணும் முறையை மாற்றியிருந்தார்கள். அவளுக்கு அது பிடிபடவில்லை. மின்சாரப் பட்டியலைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் இருவரும் கணக்குப் பார்த்தோம்.

ஓர் ஆட்டத்தில் பத்து ஃபிரேம். ஒரு ஃபிரேமில் பத்துப் பின்களையும் வீழ்த்த இரண்டு பந்து கிடைக்கும். முதற்பந்திலேயே அத்தனையும் விழுந்தால் ஸ்ட்ரைக், இரண்டாவதில் மீதி விழுந்தால் ஸ்பேர். பழைய முறையில் ஸ்ட்ரைக்குக்கு 10 புள்ளியும், அதற்கு மேல் அடுத்த இரண்டு பந்துகளில் விழும் பின்களும் சேரும். ஸ்பேருக்கு அடுத்த ஒரு பந்து மட்டும் சேரும். அதாவது பழைய முறையில் ஒரு ஃபிரேமின் மதிப்பு அதன் பின்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது.

மருமகள் 4ஆம், 5ஆம், 6ஆம் ஃபிரேம்களில் ஸ்ட்ரைக் போட்டிருந்தாள். மற்ற ஏழிலும் முதற்பந்தில் 7, அடுத்ததில் 1 என எட்டெட்டுப் பின்கள். பழைய முறைப்படி நான்காவது ஃபிரேமுக்கு 30, ஐந்தாவதுக்கு 27, ஆறாவதுக்கு 18. மீதி ஏழுக்கும் 56. மொத்தம் 131. சிநேகிதி 2, 5, 8 ஆகிய ஃபிரேம்களில் ஸ்ட்ரைக் போட்டவள். மற்றவற்றில் அவளுக்கும் அதே எட்டெட்டு. அவளுடைய ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் 18தான் பெறும். மொத்தம் 110. ஒரே அளவு ஸ்ட்ரைக், ஒரே அளவு பின்கள், ஆனால் 21 புள்ளி வித்தியாசம்.

உலக பௌலிங் அமைப்பு சில போட்டிகளில் கொண்டுவந்த புதிய முறை இந்தப் பின்தொடர்ச்சியை வெட்டிவிடுகிறது. ஸ்ட்ரைக் என்றால் உடனே 30. ஸ்பேர் என்றால் 10, அத்துடன் அந்த ஃபிரேமின் முதற்பந்தில் விழுந்த பின்கள். அடுத்த பந்துக்காகக் காத்திருக்கும் வேலை இல்லை. மூன்று ஸ்ட்ரைக்குக்கு 90, மீதிக்கு 56. இருவருக்கும் 146. திரை சொன்னது சரிதான்.

பார்வையாளருக்கு இது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய முறையில், ஆட்டத்தின் நடுவே யார் முன்னிலை என்று சொல்லவே சிலவேளை இரண்டு ஃபிரேம் காத்திருக்கவேண்டும். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக மட்டும் இடம்பெற்ற ஒரு விளையாட்டு, புதியவர்களுக்குப் புரியவேண்டும் என்று விரும்புவதில் பிழையில்லை. ஆனால் இதில் ஏதோ ஒன்று காணாமல் போகிறது என்று மருமகள் உணர்ந்ததும் உண்மை. ஓர் ஆட்டத்தின் உச்சப் புள்ளியான 300ஐ எடுங்கள். பழைய முறையில் பத்தாவது ஃபிரேமின் ஸ்ட்ரைக்குக்கு மேலும் இரண்டு பந்து போடவேண்டியிருப்பதால் அதற்குத் தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் வேண்டும், புதியதில் 10 போதும். இரண்டு பந்துக்கு ஒன்று ஸ்ட்ரைக் ஆகும் திறமையுள்ள ஒருவருக்கு முன்னதன் நிகழ்தகவு 4096இல் 1, பின்னதன் நிகழ்தகவு 1024இல் 1. ஒரே எண்தான், ஆனால் நான்கு மடங்கு எளிதாகிவிட்டது.

தொடர்ச்சியாகப் போடுவது வெறும் அதிர்ஷ்டமா? 2004இல் டோர்சி-பால்மட்டீர், கேரி ஸ்மித் ஆகிய இருவர் தொழில்முறை வீரர்களின் ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். பலருக்கு ஒரு ஸ்ட்ரைக்கின் வாய்ப்பு அதற்கு முந்தைய பந்துகளைச் சாராதது அல்ல, ஸ்ட்ரைக்குக்குப் பின் ஸ்ட்ரைக் கூடுதலாகவே வருகிறது என்று கண்டார்கள். எனக்கு இது வியப்பாக இல்லை. காரணம் பந்து உருளும் தளமான லேனில் இருக்கிறது.

பந்தை உருட்டுபவர் தாண்டக்கூடாத தவறுக்கோட்டிலிருந்து முதற்பின் வரை 60 அடி நீளம், 39 பலகைகளின் அகலம். அந்த நீளத்தின் முன் பாதிக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய் பூசியிருக்கும். அளவு பொதுவாக 20 முதல் 30 மில்லிலீட்டர். எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் முடிந்த உலர்ந்த பகுதியில் உராய்வு பிடித்து, விரல் கொடுத்த சுழற்சி வளைவாக மாறும். வலக்கைக்காரர் ஒருவரின் பந்து 1ஆம், 3ஆம் பின்களுக்கு நடுவே ஏறத்தாழ 6 பாகை கோணத்தில் நுழைந்தால் ஸ்ட்ரைக்குக்கான வாய்ப்பு மிக நல்லது. அந்தத் தடத்தைக் கண்டுபிடித்தவருக்குச் சிறிது நேரம் அது திரும்பத் திரும்பக் கைகொடுக்கும். சிறிது நேரம் மட்டுமே. ஒவ்வொரு பந்தும் எண்ணெயைக் கொஞ்சம் துடைத்து எடுத்துப்போகிறது. மூன்றாவது ஆட்டத்தில் அதே தடத்தில் போட்ட பந்து முன்கூட்டியே வளைந்து முதற்பின்னின் முகத்தில் மோதும்.

போட்டிக்கு எத்தனை ஆட்டம் என்று தீர்மானிப்பவர் அதனால் எண்ணெயையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். இரண்டே ஆட்டம் என்றால் புதிய லேனில் தடம் கண்டுபிடிக்கும் திறமைதான் எடைபோடப்படுகிறது. ஆறு என்றால், மாறிவரும் தடத்தோடு மாறத் தெரிந்தவர் வெல்வார்.

இதில் தற்செயலின் பங்கும் உண்டு. ஒருவரின் சராசரி 190, மற்றவரின் சராசரி 180, இருவருக்கும் நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 25 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆட்டத்தில் பலவீனமானவர் வெல்லும் வாய்ப்பு கிட்டத்தட்ட 39 வீதம். ஆறு ஆட்டங்களின் கூட்டுத்தொகையில் அது 24 வீதமாகிறது. பதினாறில் 13. ஆட்டங்கள் 16 மடங்கானால் திறமையின் வித்தியாசமும் 16 மடங்காகிறது, தற்செயலோ 4 மடங்குதான் ஆகிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் கவிழும் பெரிய அணி ஐந்து நாள் ஆட்டத்தில் அவ்வளவு எளிதில் கவிழாததும் இதே கணக்குத்தான். சிறுவர் போட்டிகளை நேரமில்லை என்று ஒற்றை ஆட்ட வெளியேற்றமாகச் சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன். விடியற்காலையில் எழுந்து வந்த பிள்ளை பத்து ஃபிரேமில் வீடு திரும்புவது நியாயமும் அல்ல, நல்ல அளவீடும் அல்ல.

நேரத்தை மிச்சப்படுத்த நல்ல வழி பேக்கர் முறை. ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஓர் ஆட்டத்தை ஆடுவார்கள். முதலாமவருக்கு 1ஆம், 6ஆம் ஃபிரேம், இரண்டாமவருக்கு 2ஆம், 7ஆம் என்று போய், கடைசி ஆளுக்கு 5ஆம், 10ஆம் ஃபிரேம். அமெரிக்கப் பாடசாலை, கல்லூரிப் போட்டிகளில் இது வழக்கமானது. பழைய எண்ணும் முறையோடு சேரும்போது இதில் ஒரு அழகு இருக்கிறது. நான் போட்ட ஸ்ட்ரைக்கின் மதிப்பை அடுத்து ஆடும் என் தோழி தீர்மானிக்கிறாள். மருமகளுக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது, தன் அணியில் யார் எந்த இடத்தில் ஆடவேண்டும் என்று உடனே வரிசை போடத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போனேன். நான்காவது ஆட்டத்தில் அவளுடைய பந்து இரண்டு முறை முதற்பின்னின் முகத்தில் மோதி ஓரங்களில் பின்களை விட்டுவிட்டது. அவள் தரையைப் பார்த்தாள், கால்களை இரண்டு பலகை இடப்பக்கம் நகர்த்தினாள், மறுபடி உருட்டினாள்.