இரவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? விமானியின் லாக் புக்கும் வானியலும்

பினாங்கு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: விமானியாகப் பயிலும் அவருடைய மகன் ஒரே மாலைப் பறப்பைத் தன் பறப்புப் பதிவேடான லாக் புக்கில் இரண்டு நாட்டு விதிகளின்படி எழுதிப் பார்த்தபோது, இரவுப் பறப்பு நேரம் ஒன்பது நிமிடம் வேறுபட்டதாம். எது பிழை என்கிறார். இரண்டுமே சரி.

பறப்பு நேரத்தின் தொடக்கமே ஊர்திக்கு ஊர்தி மாறும். ஐசிஏஓ என்னும் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையில், மேலெழும் நோக்கத்துடன் விமானம் முதன்முதலில் நகரும் கணத்திலிருந்தும், ஹெலிகாப்டரின் சுழலிறகுகள் சுழலத் தொடங்கும் கணத்திலிருந்தும் கணக்கு ஓடுகிறது. அமெரிக்க விதியோ விமானம் தன் சொந்த விசையால் நகர வேண்டும் என்கிறது. ஆகவே இழுவை வண்டி அதைப் பின்னுக்குத் தள்ளும் நிமிடங்கள் அங்கே சேரா.

பதிவேட்டில் இரவு நேரத்தை எழுதும் பத்தியில்தான் வானியல் நுழைகிறது. சூரியனின் மேல்விளிம்பு தொடுவானத்தில் மறையும் கணத்தில், காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதாலும் சூரிய வட்டத்துக்கே ஓர் அகலம் இருப்பதாலும், அதன் மையம் ஏற்கெனவே சுமார் 0.83 பாகை கீழிறங்கியிருக்கும். மையம் 6 பாகை இறங்கும்வரை நீடிக்கும் மங்கலான வெளிச்சமே சிவில் அந்தி. நம் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், மார்ச் மாதத்தில் சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக இறங்கி, எஞ்சிய 5.17 பாகையை 21 நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஜூன் மாத லண்டனில் அது சாய்வாகச் சறுக்கிச் செல்வதால், அதே ஆழத்தை எட்ட முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகிறது. ஒரே கோணம், ஒரே சூரியன். பாதையின் சாய்வு மட்டுமே வேறு. எத்தனை முறை கணக்கிட்டாலும் எனக்கு இதில் வியப்புக் குறைவதில்லை.

மார்ச் 21ஐ ஒட்டிய மாலையில் பினாங்கில் சூரியன் ஏறத்தாழ 7:30க்கு மறைகிறது. சிவில் அந்தி முடிவதே இரவு என்னும் ஐசிஏஓ, அமெரிக்க வரையறைகளின்படி 7:51க்கு இரவு பிறக்கும். மறைவுக்கு அரை மணி கழித்து என்னும் பிரிட்டிஷ் மரபில் அது 8:00. அந்த ஒன்பது நிமிடம் இதுதான். அமெரிக்காவிலோ, இரவில் பயணிகளை ஏற்றிச் செல்லத் தேவையான மூன்று தரையிறக்கங்களை, மறைவுக்கு ஒரு மணி நேரம் கழித்தே செய்திருக்க வேண்டும். ஆகவே 8:10க்குத் தரையிறங்கும் விமானி இரவு நேரத்தைப் பதிவுசெய்யலாம். அந்தத் தரையிறக்கம் மட்டும் மூன்றில் ஒன்றாகாது.

மின்னணுப் பதிவேடுகள் இவற்றை நொடியில் கணக்கிடுகின்றன. ஆனாலும் பயிற்சிப் பள்ளிகள் இந்தக் கோணத்தை மாணவரை ஒரு முறையாவது தாளில் வரையச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விடையை மட்டும் எழுதி வைத்தவர், பிறகு வேறொரு நாட்டின் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதைப் பிரித்துக் கணக்கிட வழியின்றி நிற்பார்.

எனவே வாசகியின் மகன் கூட்டுத்தொகையோடு, நகரத் தொடங்கிய, மேலெழுந்த, தரையிறங்கிய, நின்ற நேரங்களையும் விமான நிலையங்களின் பெயர்களையும் எழுதட்டும். அந்த நேரங்கள் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் (UTC) இருக்கட்டும். மலேசிய நேரம் அதற்கு 8 மணி முந்தியது. காலை 7 மணிக்குப் பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து புறப்பட்டால், பதிவேட்டில் அது 23:00. தேதியும் முந்தைய நாளுடையது. 1982க்கு முந்தைய பழைய பதிவேடுகளைப் புரட்டுபவர், அக்காலத்தில் தீபகற்பத்தின் இடைவெளி 7½ மணியாக இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.