தென்னை உயரத்தில் தொடங்கும் கணக்கு

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவிலிருந்து வரும் அண்ணனை அழைத்துவர நாகர்கோவில்காரர்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறோம். அங்குள்ள ஓடுபாதை சுமார் 3,400 மீட்டர். இவ்வளவு நீளம் எதற்கு?

விமானம் ஓடுபாதையின் முனையை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். நம் தோப்பில் வளர்ந்து நிற்கும் நாட்டுத் தென்னையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விமானம் முழுதாக நிற்கும் இடம் வரைதான் தரையிறங்கும் தூரம். சக்கரம் தொட்ட இடத்திலிருந்து அளப்பதில்லை.

இந்தத் தூரம் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பெரிய ஜெட் விமானங்களுக்குப் பரவலாக உள்ள விதி. 3,400 மீட்டரில் அது 2,040. ஈரமான ஓடுபாதை என்றால் இன்னும் 15 சதவீதம் கூடுதல் இடம் வேண்டும். அப்போது சுமார் 1,770 மீட்டருக்குள் நிற்கக்கூடிய விமானமாக இருக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் பக்கத்தில் இது ஏட்டுக் கணக்கு அல்ல.

ஆனால் இந்த விதி புறப்படும் முன் போடும் கணக்குக்குத்தான். நடுவானில் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பு, பழுதாகி, இறக்கையின் ஃபிளாப் இறங்கவில்லை என்று வையுங்கள். மெதுவாகப் பறந்தாலும் விமானத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த ஃபிளாப்தான். அது இல்லாவிட்டால் மணிக்கு 260 கிலோமீட்டரில் இறங்க வேண்டியது 315-இல் இறங்க நேரலாம். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். பின்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆரல்வாய்மொழிக் காற்றில் பைக் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அப்போது விமானி மறுபடி கணக்குப் போடுகிறார்: இப்போதுள்ள எடை, காற்று, ஈரம், பழுது. வரும் தூரத்தோடு குறைந்தது 15 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது அமெரிக்க விமானத் துறையின் அறிவுரை. நெருக்கடியில் அதையும் விடலாம். பாதுகாப்புக்கு வேறு வழியில்லை என்றால் விதியை மீறும் உரிமையைச் சர்வதேச விதிகளே விமானிக்குத் தருகின்றன. உள்ளே தீ என்றால் கிட்ட இருக்கும் ஓடுபாதையில் உடனே இறக்க வேண்டியதுதான். தீ இல்லையா? வட்டமடித்து எரிபொருளை எரித்து, எடையைக் குறைத்து, நீளமான ஓடுபாதையைத் தேடிப் போவதே சரி. கீழே காத்திருக்கும் நமக்குத்தான் அந்த வட்டம் பதற்றம். மேலே அது நிதானமான வேலை.

கணக்கு சரியாக இருந்தும் தொடும் இடம் தவறினால் போச்சு. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழையில் பின்காற்றோடு வந்த விமானம் 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதியைத் தாண்டித்தான் தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தார்கள்.

பத்திரமாக நின்ற பிறகும் தீயணைப்பு வண்டிகள் சக்கரத்தருகே காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடுமையாக அழுத்திய பிரேக் அவ்வளவு சூடாக இருக்கும். டயர் வெடிக்காமலிருக்கச் சக்கரத்தில் சிறு உலோக அடைப்பான்கள் உண்டு. அவை உருகி, காற்றை மெல்ல வெளியே விட்டுவிடும்.